ஆயுசுக்கும் சங்கராதான்

அத்தியாயம் 3

“சங்கர்னு ஒருத்தன் இருக்கானா, இல்லியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள சொல்லுங்க!”

மீஞ்சூர் பச்சைமுத்து இதைத் தொலைபேசியில்தான் சொன்னார். அவர் போட்ட சத்தத்துக்குத் தொலைபேசியே தேவைப்பட்டிருக்காது. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போய்க்கொண்டிருந்த பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். துப்பறியும் வீரராகவன் கைப்பேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “சொல்லிடலாம் சார், கவலைப்படாதீங்க” என்றார்.

கவலைப்பட வேண்டியவர் அவர்தான். மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ரீசார்ஜ் கடை மாடியில் இருக்கும் அவருடைய அலுவலகப் பலகையில் ‘கொலை, கொள்ளை, ஆள்மாறாட்டம்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். பலகை மாட்டிய நாளிலிருந்து ஒரு கொலைகூட அவரைத் தேடி வரவில்லை. வந்ததெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்கோபம் உண்டா, சொன்ன கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாரா என்று ஊர் ஊராக அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடவுள் புண்ணியத்தில் ஒரு மாப்பிள்ளையாவது ஆள்மாறாட்டம் செய்திருந்தால் பலகைக்கு மரியாதையாக இருந்திருக்கும்.

பக்கத்து இருக்கையில் அவருடைய உதவியாளர் தஹ்சீன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பழவேற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். வயது இருபத்து நான்கு, வாய்க்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

“சார், அந்த ஆடியோவ இன்னொரு தபா போடுங்களேன்” என்றாள்.

விஷயம் இதுதான். பச்சைமுத்துவின் மகன் தனசேகருக்கும், பழவேற்காட்டை அடுத்த வேப்பமரக்குப்பத்தில் மீன்பிடிக்கும் பொன்னுரங்கத்தின் மகள் வெண்ணிலாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. முந்தாநாள் முன்பின் தெரியாத ஓர் எண்ணிலிருந்து பச்சைமுத்துவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு குரல் பதிவு வந்தது. கீழே ஒரு வரி: ‘இந்த சங்கர் யாருன்னு கேட்டீங்களா?’ அந்த எண்ணைக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சங்கர் இருந்தால் கல்யாணம் நிற்கும். வெண்ணிலாவின் பேர் நாறும். சங்கர் இல்லையென்றால் மேளம் கொட்டும். இதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பயணம்.

வீரராகவன் ரகசியமாகக் கேட்பதற்காகப் பதிவை அழுத்தினார். அழுத்திய இடம் தப்பு. ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது.

“சங்கராதான்! ஆயுசுக்கும் சங்கராதான்! வேற எது வந்தாலும் எனக்கு வேணாம்!”

பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம், கைத்தட்டல். அத்துடன் பதிவு முடிந்தது.

கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு அருகில் வந்தார். “யாரு சார் இந்த சங்கரு? எந்தக் குப்பம்?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா.”

“எங்கூர்ல ஐஸ் கம்பெனில ஒரு சங்கர் கீறாரு” என்று பின் இருக்கையிலிருந்து ஓர் அம்மா தகவல் கொடுத்தார். “பேரப்புள்ளைங்க காலேஜ் போவுதுங்க. அவரா இருக்காது.”

“குரல் சின்னப் பொண்ணா கீதே” என்றார் இன்னொருவர்.

பழவேற்காடு வருவதற்குள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்த சங்கர்கள் அத்தனை பேரையும் பேருந்தே விசாரித்து விடுதலை செய்துவிட்டது. ஒருவர் ஐஸ் கம்பெனித் தாத்தா, ஒருவர் துபாயில், ஒருவன் இரண்டாம் வகுப்பு. தன் வேலையை இத்தனை பேர் சம்பளம் இல்லாமல் செய்துகொடுப்பதைப் பார்த்து வீரராகவனுக்கு எரிச்சலாக வந்தது.

இறங்கியதும் தஹ்சீன் சொன்னாள். “சார், எனக்கு ஒண்ணு தோணுது. இது சங்கரா மீனா இருந்தா?”

“தஹ்சீன், இது ஒரு பொண்ணோட வாழ்க்கை. மீன் மார்க்கெட் ஆக்காதே.”

“நான் இன்னா ஆக்கறது? எங்க ஊரே மீன் மார்க்கெட்தான் சார்.”

வீரராகவன் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். கைப்பேசியைக் காதோடு ஒட்டி, இந்த முறை சரியாக அழுத்தி, பதிவை மீண்டும் மீண்டும் கேட்டார். ஆட்டோ பாலத்தில் ஏறி ஏரிக்காற்று முகத்தில் அடித்தபோது சட்டென்று நிமிர்ந்தார்.

“தஹ்சீன், ஒரு பொண்ணு மாப்பிள்ளையைப் பத்திப் பேசறா. ‘வேற எவன் வந்தாலும் வேணாம்’னு சொல்லுவாளா, ‘வேற எது வந்தாலும் வேணாம்’னு சொல்லுவாளா?”

“கல்யாணத்துக்கு முன்னாடியா, அப்பாலயா?”

“முன்னாடிதான்!”

“அப்ப ‘எவன்’தான் சார். ‘எது’ல்லாம் அப்பால.”

“அப்படின்னா சங்கர் ஆளே இல்லை. அது ஒரு பொருள். பதிவுல ‘சங்கர்’னே இல்லை, ‘சங்கரா’ன்னுதான் இருக்கு. கீழே ‘இந்த சங்கர் யாரு’ன்னு எழுதி அனுப்பினதால பச்சைமுத்து காதுல ஆளா விழுந்திருக்கு. அன்பா ‘சங்கரா’ன்னு இழுத்துக் கூப்பிடறாளாம்!” வீரராகவன் வெற்றிப் பெருமிதத்தோடு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “என் முடிவு என்னன்னா, இது மீன்.”

தஹ்சீன் கடலைத் தோலை வெளியே ஊதிவிட்டாள். “அடேங்கப்பா, செம மூளை சார் உங்களுக்கு. எனக்கெல்லாம் தோணவே இல்ல பாருங்க.”

வேப்பமரக்குப்பத்தில் இறங்கியதும் ரேஷன் அட்டை சரிபார்க்க வந்த அதிகாரியாக நுழைவது என்பது வீரராகவனின் திட்டம். சட்டைப் பையில் அதற்கென்று இரண்டு பேனா செருகியிருந்தார். கரையில் ஃபைபர் படகுகள் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. காய்ந்துகொண்டிருந்த நீல வலைகளைத் தாண்டி அந்த வீட்டு வாசலை நெருங்கும்போதே பொன்னுரங்கத்தின் மனைவி காந்தா வெளியே வந்துவிட்டார்.

“வா தஹ்சீனு! ஊட்ல அக்தர் பேகம் நல்லா கீறாங்களா? முட்டி வலி இன்னா ஆச்சு?” அப்புறம் வீரராகவன் பக்கம் திரும்பினார். “இவருதான் துப்பறியறவரா? வாங்க சார். பஸ்ஸுல வந்தவங்க சொன்னாங்க.”

வீரராகவன் ஒரு பேனாவை எடுத்து உள் பையில் வைத்தார். மற்றொன்றைக் கௌரவத்துக்காக அங்கேயே விட்டுவைத்தார்.

உள்ளே பொன்னுரங்கம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்த, பெரிய உடம்பு. பச்சைமுத்து தொலைபேசியில் கத்தியதிலிருந்து இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காதது கண்ணில் தெரிந்தது.

“நீங்க மாப்ள ஊட்டுக்காரங்க அனுப்பன ஆளு. எனக்குக் கோவமில்ல சார். நானா இருந்தாலும் விசாரிப்பேன். ஆனா எம்பொண்ணு அப்படி இல்ல. இந்தப் பேச்சு மட்டும் பொய்யின்னு நிரூபிச்சுக் குடுங்க. இல்லன்னா நாளைக்கு இந்தக் குப்பத்துல நான் தலநிமிந்து நடக்க முடியாது.”

வெண்ணிலா பின்கட்டில் இறால்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சென்னையில் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்க, ஏரியில் பிடித்த இறாலைச் சுத்தம் செய்து வண்டி ஏற்றி அனுப்புவது அவள் தொழில். அவளே தொடங்கி, அவளே நடத்துவது. கூட ஒத்தாசைக்குத் தோழி செசிலியா இருந்தாள். இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து வீரராகவன் பதிவைப் போட்டுக் காட்டினார்.

செசிலியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, இது எங்க வெள்ளாட்டு சார்!”

“என்ன விளையாட்டு?”

“இதுவா அதுவா. எதாச்சும் ரெண்டு சொல்லிட்டு கைதட்டுவோம். அடுத்த கைதட்டுக்குள்ள ஒண்ண சொல்லிரணும். ரெண்டுமேன்னு சொல்லக்கூடாது, தெரியாதுன்னு சொல்லக்கூடாது, யோசிக்கவும் கூடாது. சொல்லலன்னா ஒரு சிட்டிகை உப்பு நாக்குல வெச்சுருவோம். போன ஞாயித்துக்கிழம பத்திரிகை வந்துச்சுன்னு சொந்தக்காரங்கல்லாம் வந்திருந்தாங்க. அப்ப வெள்ளாண்டது. என் போன்லதான் பதிவு பண்ணேன்.”

அவள் தன் கைப்பேசியில் தேடி எடுத்து முழுப் பதிவையும் ஓடவிட்டாள். சிரிப்பும் கூச்சலுமாக ஒரு கூட்டம். செசிலியாவின் குரல்: “மாமியாரா, நாத்தனாரா?” யாரோ ஒருத்தி, “உப்பே குடுத்துரு!” என்று கத்தினாள். அடுத்து: “வெண்ணிலா! எறாவா, சங்கராவா?” கைத்தட்டல். உடனே வெண்ணிலாவின் குரல்: “சங்கராதான்! ஆயுசுக்கும் சங்கராதான்! வேற எது வந்தாலும் எனக்கு வேணாம்!”

காந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பொன்னுரங்கம் தொடையில் ஓங்கித் தட்டினார். “மீனு! சங்கரா மீனு! ஒரு மீனுக்கா ரெண்டு நாளா எனக்கு சோறு எறங்கல?”

“கேள்வியை வெட்டிட்டு பதிலை மட்டும் அனுப்பியிருக்காங்க” என்றார் வீரராகவன். “இந்தப் பதிவு யார் யார்கிட்ட இருக்கு?”

“குரூப்ல போட்டேன் சார். வெள்ளாடன எல்லாராண்டயும் கீது” என்றாள் செசிலியா.

“எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் அனுப்பிக்கீறான். நாசமாப் போவட்டும், வுடுங்க சார்” என்றார் பொன்னுரங்கம். “சம்பந்திக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க, அது போதும். காந்தா, சோறு வடிச்சுட்டியா? ரெண்டு பேரும் சாப்ட்டுட்டுத்தான் போவணும்.”

வீரராகவன் கைப்பேசியை எடுத்தார். பச்சைமுத்துவின் எண்ணை அழுத்தப் போனவர், வெண்ணிலாவைப் பார்த்தார். பேர் கெட்டுப்போக இருந்த பெண் களங்கமில்லாதவள் என்று இப்போது நிரூபணமாகிவிட்டது, வீடே சிரிக்கிறது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. தேர்வில் தோற்ற முடிவைக் கேட்டவள் போல ஐஸ் பெட்டி மூடியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கைப்பேசியைப் பையில் போட்டார். “சாப்பிட்டுட்டே பேசிக்கிறேன்” என்றார்.

தஹ்சீனுக்கு ஆச்சரியம். “சார், நீங்க இங்க இன்னாத்த சாப்புடுவீங்க?”

நியாயமான கேள்வி. வீரராகவன் பேரில் வைணவம், சாப்பாட்டில் சைவம். பழவேற்காட்டில் ஒரு சைவக்காரர் விருந்துக்கு உட்காருவது காந்தாவுக்குப் பெரிய சோதனையாகப் போய்விட்டது. “அய்யோ, கொழம்புல கருவாடு கீதே, பொரியல்ல சென்னாக்கூனி எறா கீதே” என்று ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து மூடினார். கடைசியில் ரசமும் அப்பளமும் தயிரும் கிடைத்தன.

எல்லாரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். வழக்கு ஜெயித்த சந்தோஷத்தில் காந்தா இறால் தொக்கு ஒரு சட்டி, வறுத்த சங்கரா ஒரு தட்டு என்று நடுவில் வைத்தார். “இந்தா வெண்ணிலா, உனுக்குப் புடிச்ச சங்கரா!” என்று பெரிய துண்டாகப் பார்த்து மகள் தட்டில் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

மற்றவர்களுக்குத் தட்டில் வேலை இருந்தது. வீரராகவனுக்கு அப்பளத்தைத் தவிர வேலை இல்லை. அதனால் பிறர் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தஹ்சீன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டாள். வெண்ணிலா இறால் தொக்கைப் போட்டுக்கொண்டாள். பிசைந்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள். சட்டியின் அடியை வழித்தும் போட்டுக்கொண்டாள். ஆயுசுக்கும் வேண்டிய சங்கரா தட்டின் ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அது சத்தமில்லாமல் தஹ்சீனின் தட்டுக்குக் குடிபெயர்ந்தது.

வீரராகவன் அப்பளத்தை நொறுக்கினார்.

“செசிலியா, உங்க விளையாட்டு நல்லா இருக்கே. எனக்கும் கத்துக்குடும்மா. நான் கேக்கறேன், நீ கைதட்டு. வெண்ணிலா பதில் சொல்லட்டும்.”

“சாப்புடும்போதா சார்?” என்று வெண்ணிலா தயங்கினாள்.

“சும்மாதான்மா. கல்யாணப் பொண்ணு வீட்ல கலகலப்பா இருக்க வேணாமா? சரி, தொடங்கலாம். டீயா, காப்பியா?”

கைத்தட்டல்.

“டீ” என்றாள் வெண்ணிலா.

“பஸ்ஸா, ரயிலா?”

“பஸ்ஸு.”

“பொன்னேரியா, மீஞ்சூரா?”

“பொன்னேரி.” காந்தா செல்லமாக மகளை முறைத்தார். புகுந்த வீடு மீஞ்சூர் அல்லவா?

வீரராகவன் வேகத்தைக் கூட்டினார். “ஏரியா, கடலா?”

“ஏரி.”

“நண்டா, மடவை மீனா?”

“நண்டு.”

“எறாவா, சங்கராவா?”

“எறா.”

செசிலியாவின் கைகள் அடுத்த தட்டலுக்குப் போகாமல் நின்றுவிட்டன. வெண்ணிலா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க வழியிருந்தால் விழுங்கியிருப்பாள்.

“அட!” என்றாள் தஹ்சீன், வாயில் சங்கராவோடு. “பழவேற்காட்ல பொறந்தவ ஏரி எறாவ வுட்டுட்டு எவளாச்சும் சங்கராவச் சொல்லுவாளா? எனக்கே தோணியிருக்கணும் சார். வாய் வேலையா இருந்துச்சு.”

“ஞாயித்துக்கிழமை சங்கரான்னு சொன்ன வாய், இன்னிக்கு யோசிக்க நேரம் இல்லாதபோது எறான்னு சொல்லுது” என்றார் வீரராகவன். “அப்படின்னா அன்னிக்குத்தான் யோசிச்சுச் சொல்லியிருக்கு. செசிலியா, அந்தக் கேள்வியைக் கேக்கச் சொன்னது யாரு?”

செசிலியா தோழியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். “நான் ‘எறாவா நண்டா’ன்னுதான் கேக்கறதா இருந்தேன் சார். இவதான் காதுல வந்து, சங்கரான்னு கேளுன்னா. எதுக்குன்னு எனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும். சங்கர்னு ஒரு ஆள் வேணும், ஆனா சங்கர்னு ஒரு ஆள் இருக்கவும் கூடாது. அதுக்குத் தோதான பேர் கடல்லதான் கிடைச்சுது. மாப்பிள்ளை வீட்டுக்கு அந்தப் பதிவை அனுப்பினது வெளியாள் இல்லை.” வீரராகவன் விரலை நீட்டினார். “பொண்ணுதான்!”

இத்தனை வருடத் தொழிலில் இப்படி விரல் நீட்ட அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில்லை. யாராவது கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, சுற்றிப் பார்த்தார். யாரும் தட்டவில்லை. காந்தா கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். பொன்னுரங்கம் சோற்றுக் கையைத் தட்டிலேயே வைத்தபடி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெண்ணிலாவின் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. வீரராகவன் விரலை மெல்ல மடக்கிக்கொண்டார். தன் சாமர்த்தியத்தின் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

“ஏம்மா இப்டி?” என்றார் காந்தா.

வெண்ணிலா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பேச ஆரம்பித்ததும் அழுகை போன இடம் தெரியவில்லை.

“புது சிம்மு போட்டு நாந்தான் அனுப்பனேன். அவங்களே கல்யாணத்த வேணாம்னு சொல்லிருவாங்கன்னு நெனச்சேன். சொன்ன ஒடனே செசிலியா போன்ல கீறத முழுசா ஊருக்கே போட்டுக் காட்டலாம்னு இருந்தேன். ஒரு மீனுக்குப் போயி கல்யாணத்த நிறுத்துனாங்கன்னு எல்லாரும் அவங்களப் பாத்து சிரிப்பாங்க. எம்பேரும் கெடாது, கல்யாணமும் நின்னுரும்.” அவள் வீரராகவனைப் பார்த்தாள். “அவங்க நிறுத்தல. உங்கள அனுப்பிட்டாங்க.”

“பொண்ணே, நீ எங்க ஆபீஸுக்கு வேலைக்கு வந்துரு” என்றாள் தஹ்சீன். யாரும் சிரிக்காததால் சங்கரா முள்ளை எடுக்கத் தொடங்கினாள்.

“அந்தப் பையனாண்ட இன்னா கொறை?” என்று காந்தா கேட்டார். “குடிக்கிறானா?”

“இல்லம்மா.”

“வேற பொண்ணு கின்னு?”

“இல்ல. நல்ல ஆளுதான். நல்ல ஆளா கீறதுனால நான் கட்டிக்கணுமா? கல்யாணத்துக்கு அப்பால எறா யாவாரம் வேணாமாம். ஊட்ல வாசன வருமாம். நான் மீஞ்சூர்ல ஜன்னலாண்ட உக்காந்து ரயிலு எண்ணிக்கினு கெடக்கணும்.”

பொன்னுரங்கம் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். படகில் எதிர்க்காற்றில் கத்திப் பழகிய குரல் அது. ஆனால் மிகவும் தணிவாகக் கேட்டார்.

“உம்பேர ஊர் வாய்ல நீயே தூக்கிப் போட்டுக்கீற. அந்தாளு உன்ன கண்டபடி பேசிக்கீறாரு. நான் ரெண்டு நாளா செத்துப் பொழச்சேன். இதுக்கெல்லாம் பதிலு, என்னாண்ட வந்து வேணாம் நைனான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே?”

“சொன்னேன் நைனா.”

“எப்ப சொன்ன?”

“நீ மீஞ்சூர் மாப்ள போட்டோவ காட்னப்ப வேணாம்னு சொன்னேன். நீ காட்டுப்பள்ளி மாப்ள போட்டோவ எடுத்துக் காட்டுன. அதுவும் வேணாம்னேன். ‘ரெண்டுல ஒண்ணு சொல்லு’ன்ன. தெனம் சொல்லு சொல்லுன்ன. நான் மீஞ்சூர்னு சொன்னேன்.”

பொன்னுரங்கம் காந்தாவைப் பார்த்தார். காந்தா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் ஞாபகம் இருந்தது போலிருக்கிறது.

அப்போது வீரராகவனின் சட்டைப் பை அலறியது. பச்சைமுத்து.

வீரராகவன் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். சங்கர் இருக்கிறான் என்று சொன்னால் பெண்ணின் பேர் போகும். இல்லை என்று சொன்னால் மேளத்தோடு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னால் கதை மாலை ரயிலிலேயே மீஞ்சூர் முழுக்கப் பரவும். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வழக்கை முழுசாகக் கண்டுபிடித்திருந்தார், சொல்லிக்கொள்ளத்தான் வழியில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“குடுங்க சார்” என்று பொன்னுரங்கம் இடது கையை நீட்டினார்.

வெண்ணிலா பயந்துபோய் எழுந்தாள். “நைனா...”

“உக்காரு. சாப்புடு.”

அவர் கைப்பேசியைக் காதில் வைத்தார். “பொன்னுரங்கம் பேசறேன்... ஆமா சம்பந்தி, அவரு இங்கதான் கீறாரு. நல்லாத்தான் விசாரிச்சாரு... சங்கரா? சங்கர்னு எவனும் கெடையாது. அது வெள்ளாட்டுல சொன்ன மீன் பேரு. சத்தியமா மீன்தான்.” மறுமுனையில் பச்சைமுத்து கடகடவென்று சிரிப்பது அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது. பொன்னுரங்கம் அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். “இருங்க, நான் இன்னும் முடிக்கல. கல்யாணமும் இல்ல சம்பந்தி.”

சிரிப்பு நின்றது. அப்புறம் வந்த சத்தத்தில் அவர் கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“உங்க பையன் தங்கமான பையன். உங்கமேல ஒரு கொறையும் இல்ல. பத்திரிக குடுத்த ஊடெல்லாம் நானே ஏறி எறங்கி சொல்லிர்றேன்... காரணமா?” பொன்னுரங்கம் மகளைப் பார்த்தார். “எம்பொண்ணுக்கு இஷ்டமில்ல.”

மறுபடி சத்தம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“இல்ல சம்பந்தி, பின்னால ஒண்ணும் இல்ல. காட்டுப்பள்ளிக்கும் குடுக்கல. வேணாம்னு அது மொதல்லயே சொல்லிச்சு, எங்காதுலதான் வுழல” என்றார். “மன்னிச்சுக்கோங்க. சம்பந்தின்னு வாய்ல வந்துக்கினே கீது. இனிமே அப்டி கூப்புட மாட்டேன்.”